ஏழாம் மாதம் 23-ஆம் தேதி

க்வேக்கர்னு சொன்னா நம்ம ஊர்ல எல்லாருக்கும் ஞாபகம் வர்றது ஓட்ஸ் டப்பாதான். பெரிய தொப்பி போட்டுக்கிட்டு, வெள்ளை முடியோட சிரிக்கிற ஒரு தாத்தா. உண்மையில அந்தக் கம்பெனியை ஆரம்பிச்சது க்வேக்கர்கள் இல்லை. நேர்மையான ஆளுங்கன்னு பேர் இருந்ததால அந்தப் பேரை எடுத்து வெச்சுக்கிட்டாங்க, அவ்வளவுதான். பென்சில்வேனியாவுக்கு ஆன்சைட் போற வரைக்கும் எனக்கும் இதுக்கு மேல ஒண்ணும் தெரியாது.

அங்கே எங்க டீம்ல டெஸ்டிங் பார்க்கிற ஒரு அம்மா இருந்தாங்க. ரிட்டையர் ஆக இன்னும் ரெண்டு வருஷம். மத்தியானம் லஞ்ச் நேரத்துல எல்லாரும் கிரிக்கெட்டோ கிரீன் கார்டோ பேசிட்டிருந்தா, அவங்க மட்டும் லேப்டாப்ல 300 வருஷத்துக்கு முன்னாடி செத்துப்போனவங்களைத் தேடிட்டிருப்பாங்க. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "உனக்கு டேட்டா க்ளீனிங் வருமே, இதைக் கொஞ்சம் பாரு"ன்னாங்க.

குடும்ப மரம் வரையற சாஃப்ட்வேர்களுக்கெல்லாம் பொதுவா ஜெட்காம்னு ஒரு ஃபைல் ஃபார்மட் இருக்கு. 1984-ல வந்தது. அவங்க மூணு பேர்கிட்ட இருந்து மூணு ஃபைல் வாங்கி ஒண்ணா சேர்த்திருந்தாங்க. விளைவு, அவங்க மூதாதையர் ஸ்கொயர் பூன் ஒரே பெண்ணை மூணு தடவை கல்யாணம் பண்ணியிருந்தார் :-) 1720 ஜூலை 23, 1720 செப்டம்பர் 23, 1720 அக்டோபர் 4. (ஸ்கொயர்ங்கறது பட்டம் இல்லீங்க, பேரே அதுதான்.)

பூன்னு சொன்னதும் அமெரிக்காவுல எல்லாரும் கேக்கறது டேனியல் பூனைத்தான். 1775-ல கென்டக்கிக்குக் காட்டுவழி வெட்டின வீரர், ஸ்கூல் பசங்களுக்கெல்லாம் தெரிஞ்ச ஆள். ஸ்கொயரோட 11 பிள்ளைங்கள்ல டேனியல் ஆறாவது. ஆனா நம்ம டெஸ்டிங் அம்மா அவரோட மூத்த அக்கா சாரா வழியில வந்தவங்க. அவங்களுக்கு டேனியல் மேல பெரிய ஆர்வமெல்லாம் கிடையாது. அவங்களுக்கு வேண்டியது அப்பா ஸ்கொயர்தான். ஏன்னு பிற்பாடுதான் எனக்குப் புரிஞ்சது.

முதல்ல தேதி விவகாரம். க்வேக்கர்கள் மாசத்துக்குப் பேர் சொல்ல மாட்டாங்க. ஜனவரி, மார்ச்செல்லாம் ரோமானிய தெய்வங்களோட பேராச்சே, வாயால சொல்லலாமா? அதனால முதல் மாதம், இரண்டாம் மாதம்னு நம்பர்தான். கிழமைக்கும் அதே கதை. 1752 வரைக்கும் இங்கிலாந்துலயும் அதோட காலனிகள்லயும் சட்டப்படி வருஷம் பிறக்கறது மார்ச் 25. ஆக அவங்களுக்கு மார்ச்தான் முதல் மாதம். ஏழாம் மாதம்னா செப்டம்பர். யோசிச்சுப் பாத்தா செப்டம்பர்ங்கற சொல்லுக்கே லத்தீன்ல ஏழுன்னுதான் அர்த்தம். இப்ப பாருங்க. மூலத்துல இருந்தது '7-ஆம் மாதம் 23'. ஒருத்தர் அதை ஜூலைன்னு எடுத்துக்கிட்டார், தப்பு. ஒருத்தர் செப்டம்பர்னு எடுத்தார், சரி. மூணாவது ஆள் இன்னும் ஒரு படி போய், பழைய காலண்டரை இப்போதைய காலண்டருக்கு மாத்தி 11 நாள் கூட்டி அக்டோபர் 4 போட்டுட்டார், அதுவும் சரிதான். மூணும் ஒரே கல்யாணம்.

அந்த 11 நாள் எங்கே போச்சுன்னு பாக்கணும்னா, லினக்ஸ் மெஷின்ல கால் கமாண்ட் அடிச்சு 9 1752 குடுங்க. 2-ஆம் தேதிக்கு அடுத்து நேரா 14 வரும். நான் காலேஜ்ல அதைப் பாத்து சிரிச்சதோட சரி. அது நிஜமா ஒரு குடும்பத்தோட கல்யாணத் தேதியைப் புரட்டிப் போடும்னு அப்ப நினைச்சதில்லை.

இதை முடிச்சுக் குடுத்துட்டு நான் பாட்டுக்கு போயிருக்கலாம். விடலை. காரணம், இந்த ஆளுங்களோட ரெக்கார்டு. எந்த டேட்டாபேஸ் ஆளுக்கும் பாத்தா ஆசை வரும்.

க்வேக்கர்களுக்கு ஞானஸ்நானம் கிடையாது, பாதிரியார் கிடையாது. கல்லறையில பேர் பொறிக்கறது வீண் பெருமைன்னு அதையும் விட்டுட்டாங்க. மத்த குடும்பங்களைத் தேடறவங்க முதல்ல போய் நிக்கற மூணு இடமும் இங்கே காலி. அதுக்குப் பதிலா இவங்ககிட்ட இருக்கறது மாசாந்திரக் கூட்டத்தோட மினிட்ஸ். ஆம்பளைங்களுக்குத் தனி நோட்டு, பொம்பளைங்களுக்குத் தனி நோட்டு. ஒரு ஜோடி கல்யாணம் பண்ணணும்னா அடுத்தடுத்து ரெண்டு மாசக் கூட்டத்துல எழுந்து நின்னு சொல்லணும். வேற யாருக்காவது வாக்குக் குடுத்திருக்காங்களான்னு நாலு பேர் விசாரிச்சு வந்து சொல்லுவாங்க. கல்யாணத்தன்னிக்கு வந்தவங்க எல்லாரும் சர்டிஃபிகேட்ல கையெழுத்துப் போடணும். நம்ம மொய் நோட்டு மாதிரி வெச்சுக்கங்களேன். தொகை மட்டும் இருக்காது, ஆனா யார் வந்தாங்க, யார் வரலைன்னு 300 வருஷம் கழிச்சும் சொல்லிடலாம்.

ஊர் மாறினா டி.சி. வேணும். கிண்டல் இல்லை, அப்படியே நம்ம ஸ்கூல் டி.சி.தான். இவர் நல்ல நடத்தை உள்ளவர்னு பழைய ஊர்க் கூட்டம் எழுதித் தரும், புது ஊர்க் கூட்டம் வாசிச்சு ஏத்துக்கும். ஸ்கொயரோட அப்பா ஜார்ஜ் பூன் ஒரு நெசவாளி, இங்கிலாந்துல டெவன் மாவட்டத்துல பிராட்னிஞ்ச்ங்கற ஊர். 1717-ல குடும்பத்தோட கப்பலேறி பிலடெல்ஃபியா வந்தார். கல்லம்ப்டன் கூட்டத்துல வாங்கின சீட்டை க்வினெட் கூட்டத்துல குடுத்தார். அந்த ரெண்டு ஊரையும் இணைக்கிற நூல் அந்த ஒரு சீட்டுதான். மறு வருஷம் ஓலி பள்ளத்தாக்குல 400 ஏக்கர். அது லெனாப்பி பழங்குடிகளோட மண். யாருக்கு எத்தனை ஏக்கர்னு அவ்வளவு துல்லியமா எழுதி வெச்ச ஆவணங்கள்ல, அங்கே இருந்து கிளம்பிப் போன லெனாப்பி குடும்பங்களோட பேரைத் தேடிப் பாருங்க. கிடைக்காது.

சரி, ஸ்கொயருக்கு வருவோம்.

மினிட்ஸ்ல ஒழுங்கா வாழ்ந்தவங்களுக்கு மூணு வரி கிடைச்சாலே பெரிசு. வம்புல மாட்டினவங்களுக்குப் பக்கம் பக்கமா கிடைக்கும். பூன் குடும்பம் இதுல ராசியான குடும்பம். 1720-லயே தாத்தா ஜார்ஜ், தன் பொண்ணு மேரி விஷயத்துல முறை மீறி ஒரு பையனுக்குச் சம்மதம் குடுத்துட்டேன்னு கூட்டத்துல வருத்தம் தெரிவிச்சிருக்கார். 1742-ல ஸ்கொயரோட மூத்த பொண்ணு சாரா, க்வேக்கர் அல்லாத ஜான் வில்காக்சனைக் கட்டிக்கிட்டா. அப்பவே வயித்துல பிள்ளை. கூட்டம் ஸ்கொயரைக் கேட்டுது. பழகறாங்கன்னு தெரிஞ்சும் வீட்டுல வெச்சிருந்தது தப்புதான், ஆனா என்ன பண்றதுன்னே தெரியாம திண்டாடிட்டேன்னு அவர் ஒத்துக்கிட்டார். அந்த மினிட்ஸை வாசிச்சப்போ எனக்கு க்வேக்கரும் தெரியலை, அமெரிக்காவும் தெரியலை. ஒரு அப்பா தெரிஞ்சார்.

1747-ல மூத்த பையன் இஸ்ரேலும் வெளியில கட்டினான். மறுபடியும் ஆள் அனுப்பிச்சாங்க. இந்தத் தடவை ஸ்கொயர் மன்னிப்புக் கேக்கலை. பையன் பக்கம் நின்னுட்டார். 1748-ல, மனசு திருந்தி வர்ற வரைக்கும் இவர் எங்க உறுப்பினர் இல்லைன்னு கூட்டம் எழுதி வெச்சிடுச்சு. அவர் திருந்தவும் இல்லை, போகவும் இல்லை.

மனைவி சாரா மார்கன் மட்டும் உறுப்பினராவே இருந்தாங்க. ஒரே வீட்டுல ஒருத்தர் உள்ளே, ஒருத்தர் வெளியே. 1750-ல குடும்பத்தோட தெற்கே கிளம்பினப்போ டி.சி. கேட்டு வாங்கினது அந்தம்மாதான். நீக்கப்பட்டவருக்கு யார் சீட்டுத் தருவாங்க? நார்த் கரோலைனாவுல யாட்கின் ஆத்தங்கரைக்குப் போய்ச் சேர்ந்தாங்க. 1753-ல அங்கே ஸ்கொயருக்கு 640 ஏக்கர் கிடைச்சது. விலக்கினதாலதான் ஊரை விட்டுப் போனார்னு நிறைய பேர் எழுதறாங்க. 11 பிள்ளைங்களுக்கு நிலம் பிரிச்சுக் குடுக்கணும்ங்கற கணக்கும் இருந்திருக்கும்னு எனக்குத் தோணுது. விவசாயக் குடும்பத்துல பிறந்தவனுக்கு அந்தக் கணக்கு சட்டுனு கண்ணுல படும்.

எந்தப் பையனுக்காக நின்னாரோ, அந்த இஸ்ரேல் 1756-லயே காசநோய்ல போயிட்டான்.

இதைப் படிச்சிட்டிருந்த வாரம் எங்க அப்பாருவோட நோட்டு ஞாபகம் வந்துட்டே இருந்தது. அப்பாரு, அதாவது அப்பாவோட அப்பா, கோபி பக்கம் விவசாயி. தடப்பள்ளி வாய்க்கால்ல என்னிக்குத் தண்ணி விட்டான், மஞ்சள் என்ன விலைக்குப் போச்சு, எந்த மாடு எப்பக் கன்னு போட்டுது, எல்லாம் எழுதியிருப்பார். எங்க அத்தை வேற சாதியில கல்யாணம் பண்ணிக்கிட்டது மட்டும் அதுல இல்லை. திட்டிக்கூட ஒரு வரி இல்லை. ரேஷன் கார்டுல பேரை எடுத்தாச்சு, போட்டோவுல பாதி வெட்டியாச்சு. க்வேக்கர்கள் ஒருத்தரை வெளியே தள்ளினாலும் காரணம், தேதி, யார் போய்ப் பேசினாங்க, அவர் என்ன சொன்னார்னு எழுதி வெச்சாங்க. எங்க வீட்டுல 300 வருஷம் கழிச்சு எவனாவது தேடினா, அப்பாருவுக்குப் பொண்ணே இல்லைன்னுதான் முடிவு பண்ணுவான்.

சாஃப்ட்வேர்தான் கையில இருக்கேன்னு எங்க குடும்பத்தையும் ஏத்த ஆரம்பிச்சேன். அத்தை பேரைப் போட்டுட்டு அப்பாவுக்கு போன் பண்ணி, கல்யாணம் என்னிக்குன்னு கேட்டேன்.

"அதெல்லாம் எதுக்கு சாமி இப்ப?"ன்னார். வேற பேச்சுக்குப் போயிட்டார்.

மறுநாள் அவரே கூப்பிட்டார். மழை பத்திப் பேசினார், கார் சர்வீஸ் பத்திப் பேசினார். வைக்கற நேரத்துல, "1991, செப்டம்பர் 9. திங்கக்கிழமை. ஈரோடு ரிஜிஸ்டர் ஆபீஸ்"ன்னார்.

"எப்படிப்பா இவ்வளவு கரெக்டா?"

"சாட்சிக் கையெழுத்துப் போட்டதே நாந்தான். உங்க அப்பாருவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது."

அதுக்கு மேல நானும் கேக்கலை. கல்யாணத் தேதின்னு இருந்த கட்டத்துல டைப் பண்ணேன். சாட்சின்னு அதுல தனிக் கட்டம் இல்லை, குறிப்புல போட்டேன். அத்தைக்கும் அந்தப் பக்கத்தை அனுப்பினேன். ப்ளூ டிக் வந்தது, பதில் வரலை. நாலு நாள் கழிச்சு, அவங்க பிள்ளைங்க ரெண்டு பேரோட பிறந்த தேதியை மட்டும் அனுப்பியிருந்தாங்க.

ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை எக்ஸிடர் கூட்ட வீட்டுக்கு அந்தம்மா கூட்டிட்டுப் போனாங்க. 1759-ல கட்டின கல்லுக் கட்டடம். பக்கத்துலயே மயானம். தாத்தா ஜார்ஜ் பூன் 1744-ல இறந்தப்போ பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன்னு 70 பேர் உயிரோட இருந்தாங்களாம். எகிப்துக்குப் போன யாக்கோபு குடும்பத்துக்கும் அதே எண்ணிக்கைன்னு குடும்பத்துல எழுதியே வெச்சிருக்காங்க. அவ்வளவு பெரிய மனுஷர் அங்கே எந்த இடத்துல படுத்திருக்கார்னு காட்ட ஒரு கல் கிடையாது. வெறும் புல்லுதான். அந்தம்மா கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு, போன்ல ஒரு படத்தைக் காட்டினாங்க. நார்த் கரோலைனாவுல மாக்ஸ்வில் ஊர், ஜோப்பா மயானம். ஸ்கொயருக்கு அங்கே கல் இருக்கு, பக்கத்துலயே சாராவுக்கும். ஸ்கொயர் 1765-ல தன்னோட 69-வது வயசுல இறந்தார்னு யாரோ படிப்பு அதிகம் இல்லாத கை செதுக்கியிருக்கு. எழுத்துப்பிழை ஏகப்பட்டது. 'முதல் மாதம்', 'பதினோராம் மாதம்' எதுவும் இல்லை. ஸ்பெல்லிங் கண்டபடி இருந்தாலும் ஜனவரின்னு பேரைச் சொல்லியே போட்டிருக்காங்க, தேதி 2.