கரிசலிலிருந்து கடலுக்கு

கடல் காண வேண்டுமென்றால் நம் பக்கத்தார் திருச்செந்தூருக்கே கிளம்புவார்கள். நாம் பங்குனியில் வேம்பாருக்குப் பிரயாணமானோம். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் 1923இல் பிறந்த இடைசெவலில் பஸ் ஏறினோம். கோவில்பட்டிக்கு அப்பாலும் கரிசல் நீண்டுகொண்டே போகிறது. எட்டயபுரத்தில் பாரதியார் பிறந்த இல்லத்தையும், 1835இல் மறைந்த முத்துஸ்வாமி தீக்ஷிதரின் ஸமாதியையும் தரிசித்தோம். விளாத்திகுளத்தில் வைப்பாறு வெறும் மணலாய்க் கிடந்தது.

பிறகு மண்ணின் கறுப்பு வெளுக்கிறது. பருத்தி போய்ப் பனை வருகிறது. பாளை சீவும் காலமாதலால் மரந்தோறும் சுண்ணாம்பு தடவிய கலயங்கள். சுண்ணாம்பு இல்லாவிடில் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடுமே! விடிலிகளில் கருப்பட்டிப் பாகு கொதிக்கும் மணம் சாலைவரை வந்தது. ஓலைப்பட்டையில் பதநீர் அருந்திய சுகத்துக்கு எந்த ஹோட்டல் பானமும் ஈடாகாது.

வேம்பார் பரதவரின் பழைய ஏழு கடல்துறைகளில் ஒன்று. அலையென்று சொல்லத்தக்க அலை இங்கே இல்லை. எதிரேயுள்ள தீவுகளும் பவழப் பாறைகளும் அதை வாங்கிக்கொள்கின்றன. நல்லதண்ணி, உப்புத்தண்ணி என்று அத்தீவுகளுக்குப் பெயர்! அவை 1986இல் ஏற்பட்ட கடல் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அதன் 21 தீவுகளில் இரண்டு மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடங்களுக்குமாகப் பவழத்தை வெட்டியெடுத்தது முக்கியக் காரணம். 2001இல்தான் பவழத்துக்குச் சட்டக் காப்பு கிடைத்தது. தூத்துக்குடிக்கு எதிரே தேய்ந்துவந்த வான் தீவைக் காக்கச் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கியிருக்கிறார்கள். இயற்கை இலவசமாய்க் கட்டிய சுவரை இடித்துவிட்டு, இப்போது செலவழித்துக் கட்டுகிறோம்!

மாலையில் வள்ளங்கள் கரையேறின. கருப்பட்டிக் கொட்டானுடன் கடைசி பஸ்ஸைப் பிடித்தோம்.