வண்டும் மாவுக்கட்டும்

அப்பா கால் முறிந்து மாவுக்கட்டோடு படுத்திருந்த மூன்று மாதமும், மாலையில் அவருக்குக் கதை சொல்வது என் வேலை. எழுதப் படிக்க அறியாதவர், கேள்வி கேட்பதிலோ எங்கள் பேராசிரியர்களுக்குச் சளைத்தவரல்லர் (அவர்கள் பொறுத்தருள்க!).

ஒருநாள் ருஷ்ய எழுத்தாளர் அலெக்சாந்தர் பெல்யாயெவின் ‘பேராசிரியர் டோவெலின் தலை’ என்ற கதையைச் சொன்னேன். இறந்த பேராசிரியரின் தலையை மட்டும் உயிரோடு வைத்து, அதன் அறிவைத் திருடுகிறான் அவருடைய பழைய உதவியாளன். சன்னல் வழியே வந்த வண்டு ஒன்று அந்தத் தலைமீது ஊர்கிறது; விரட்டக் கையில்லை.

“இதை எழுதினவன் படுக்கையில கெடந்தவனா இருப்பான்டா” என்றார் அப்பா, விளக்குமாற்றுக் குச்சியால் கட்டுக்குள் சொறிந்தபடி.

வியந்துபோனேன். 1884இல் ஸ்மொலென்ஸ்கில் பிறந்து சட்டம் பயின்றவர் பெல்யாயெவ். முதுகெலும்புக் காசநோயால் மூன்றரை ஆண்டுகள் மாவுக்கட்டில் கிடந்தார். இடுப்புக்குக் கீழ் உணர்ச்சியில்லை. உடலில்லாத தலையாகவே அப்போது வாழ்ந்ததாக அவரே எழுதியிருக்கிறார். 1925இல் சிறுகதையாக வந்த இதைப் பின்னர் நாவலாக விரித்தார். 1928இல், சுறாவின் செவுளைப் பொருத்திக்கொண்டு கடலில் திரியும் இளைஞனைப் படைத்தார். விலங்கியல் மாணவனாகிய நான் அந்த அறுவைச் சிகிச்சையை நம்பமாட்டேன். அவன் நீந்துவதை நம்புகிறேன்.

1942 சனவரியில், ஜெர்மானியப் படை பிடித்திருந்த புஷ்கின் நகரில், பசியால் வாடி இறந்தார். இதை அப்பாவிடம் சொல்லவில்லை.

கட்டுப் பிரித்த அன்று கேட்டார்: “அந்த ஆளு எந்திரிச்சு நடந்தாரா?”

“நடந்தாருப்பா” என்றேன்.