நட்சத்திரக் கள்ளி

கள்ளி என்றதும் நம்மவர் கண்முன் நிற்பன வேலியோரத்துச் சதுரக்கள்ளியும் சப்பாத்திக்கள்ளியுமே. பால் வடியும் சதுரக்கள்ளி வேறோர் இனம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சப்பாத்தியே உண்மையான காக்டஸ் குடும்பத்தது. அக்குடும்பத்தின் அரிய செடியொன்றை நான் அன்பின் மிகுதியால் கொன்றேன்.

கலிம்பொங்கில் ஒரு செடிப்பண்ணையில் வாங்கியது அது. முள் கிடையாது. தட்டையான பச்சை உருண்டை. பெரும்பாலும் எட்டுப் பகுதிகளாக வகிர்ந்திருக்கும். ஒவ்வொரு பகுதியின் நடுவிலும் வெண்பஞ்சுப் பொட்டுகள் வரிசையாக அமைந்திருக்கும். மேனியெங்கும் வெண்புள்ளிகள். நன்கு வளர்ந்தாலும் குறுக்களவு 15 சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. உச்சியில் பூக்கும் மலரோ மஞ்சள். அதன் நடுவில் செம்மை. கிரேக்க மொழியில் 'விண்மீன் செடி' எனப் பொருள்படும் அஸ்ட்ரோஃபைட்டம் என்பது இதன் இனப்பெயர்.

குளிர்காலத்தில் அது சுருங்கி மண்மட்டத்திற்குத் தாழ்ந்தது. தாகத்தால் வாடுகிறதென்று எண்ணி நாள்தோறும் நீர் வார்த்தேன். ஒருநாள் விரலால் தொட்டேன். அழுகிய பழம்போல் உள்ளே அமிழ்ந்தது.

பின்னரே உண்மையை அறிந்தேன். மெக்ஸிகோவின் வடகிழக்கிலும் டெக்ஸாஸின் தென்கோடியிலும் இதன் தாயகம். வறட்சியில் தன்னைச் சுருக்கி, புழுதிக்குள் மறைந்து உயிர் காப்பதே இதன் இயல்பு. நான் சாவென்று கருதியது அதன் தற்காப்பு! அங்கும் இதற்கு அழிவு வந்தது மனிதராலேயே. காட்டை அழித்து நிலமாக்கினர். அழகில் மயங்கியோர் வேரோடு பெயர்த்துச் சென்றனர். 1993-இல் அமெரிக்க அரசு இதனை அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவித்தது. காட்டில் எடுத்த செடியை நாடுவிட்டு நாடு விற்பதும் தடை செய்யப்பட்டுள்ளது. ஆதலால் வாங்க விரும்புவோர் பண்ணையில் விதையிட்டு வளர்த்ததையே கேட்டு வாங்குதல் வேண்டும்.

இப்போது என்னிடம் இருப்பது இரண்டாவது செடி. சென்ற குளிர்காலத்தில் இதுவும் சுருங்கியது. "உயிர் இருக்கிறதா?" என்றாள் மனைவி. "உறங்குகிறது" என்று சொல்லி, கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தேன். வைகாசியில் ஒரு நண்பகல் மலர் விரிந்தது.

ஆனால் தன் மகரந்தத்தால் இது விதை கட்டுவதில்லை, துணைச்செடி வேண்டும். சங்க அன்பர் எவர் வீட்டிலேனும் இக்கள்ளி இருக்குமாயின், அருள்கூர்ந்து தெரிவிக்க வேண்டுகிறேன்.