முகத்தில் தொடங்கும் அடையாளம்

மழை விட்ட இரவுகளில் அந்தியூர்ப் பக்கத்து மாந்தோப்புகளில் விளக்குப் போட்டால் நீள்கொம்பு வண்டுகள் வந்து விழும். "ஏனுங்க, இது என்ன வண்டுங்க?" என்று தோட்டத்துக்காரர் கேட்பார். உடனே பெயர் சொல்லிவிடாமல் இருப்பதுதான் வண்டுகளை இனங்காணும் வேலையின் முதல் ஒழுக்கம்.

கொம்பும் நிறமும்தான் முதலில் கண்ணில் படும். ஆனால் கொம்பின் நீளம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மாறும். மேலே படிந்த மென்மயிர் உதிர்ந்தால் நிறமே வேறாகிவிடும். அதனால் நான் முகத்திலிருந்து தொடங்குகிறேன். முகம் செங்குத்தாக இறங்கி, வாயோர உணர்உறுப்பின் கடைசிக் கணு கூராக முடிந்து, முன்னங்காலின் உட்புறத்தில் சாய்வான பள்ளமும் இருந்தால் அது லாமினே துணைக்குடும்பம். மார்புக் கவசத்தின் பக்கங்கள் கூர்விளிம்பாக இருந்தால் பிரையோனினே. தென்னமெரிக்காவில் 16 சென்டிமீட்டர் வரை வளரும் டைட்டனஸ் வண்டையும் தென்னிந்தியாவின் அகந்தோஃபோரஸ் வண்டையும் உறவாக்குவது இந்தத் துணைக்குடும்பம்தான்.

அடுத்தது பேரினம். இங்கேதான் பாதை கடினமாகிறது. 1906-ல் கஹான் எழுதிய இந்திய நீள்கொம்பு வண்டுகள் பற்றிய நூல்தான் இன்றும் எங்களுக்கு அடிப்படை. ஆனால் லாமினே அதில் இடம்பெறவில்லை. மாமரத்தைக் குடையும் பட்டோசெராவும் வேலமரத்தைக் குடையும் செலோஸ்டெர்னாவும் லாமினேதான். அவற்றுக்குப் புரூனிங் என்ற வண்டு ஆய்வாளர் எழுதிய விளக்கங்களைத் தேட வேண்டும். கோயம்புத்தூரில் 1902-ல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் போன்ற இடங்களில் சேகரித்து வைத்திருக்கும் வண்டுகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். அப்படி ஒப்பிட உதவுவது ஊசியில் குத்திய சீட்டு. ஊர், தேதி, எந்த மரம், தண்டா வேரா என்று எழுதாத வண்டு எவ்வளவு அழகாயிருந்தாலும் பாதிச் செய்திதான்.

இவ்வளவு பாடும் எதற்கு? பட்டோசெராவின் புழு தண்டுக்குள் இருக்கும். மரத்தூள் வழியும் துளையைக் கண்டுபிடித்துக் கம்பி விட்டு எடுக்கலாம். செலோஸ்டெர்னாவின் புழு வேருக்குள் போய்விடும். தண்டைத் துழாவிப் பயனில்லை. பட்டுப்போன கட்டையை மட்டும் தின்று மண்ணாக்கும் நீள்கொம்பு வண்டுகளும் நிறைய உண்டு. அவற்றால் தோப்புக்குக் கெடுதல் இல்லை. பெயரைத் தவறாகச் சொன்னால் மருந்து வீணாகும், குற்றமில்லாத உயிரும் சாகும். அதனால்தான் தோட்டத்துக்காரரிடம், "நாளைக்குச் சொல்றனுங்க" என்று கூசாமல் சொல்கிறேன்.