சுவர் காலி, கச்சேரி உண்டு

கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியக்காலையில் கரையேறியது. ஜெகதாப்பட்டினத்தில் யாரைக் கேட்டாலும் அந்த ராத்திரி பற்றி ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். நான் சொல்லப்போவது அதற்கு நாலு நாள் கழித்து நடந்தது. பெருமைப்படுகிற சங்கதி இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அண்ணனோட விசைப்படகு பக்கத்துப் படகு மேல ஏறிக் கிடந்தது. ஒரு பக்கப் பலகை முழுசாப் போச்சு. கரண்ட் கிடையாது. பள்ளிக்கூடத்தில்தான் எல்லாரும் தங்கியிருந்தோம். சாயங்காலம் சோற்றுக்கு வரிசையில் நிற்கும்போது, எங்க தெருப் பெரியவர் ஒரு பாய், காலி எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் தட்டி, நாகூர் ஹனிபா பாட்டு ஒன்றை எடுத்தார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "ஊரே இழவு வீடாட்டம் கிடக்கு, இப்பப் பாட்டு ஒரு கேடா பாய்?" என்று கத்திவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. டின்னை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அதோடு அதை மறந்தும் போனேன். 2020 லாக்டவுனில் வீட்டோடு கிடந்தபோது, லண்டன் நேஷனல் கேலரியின் கதையைப் படிக்க நேர்ந்தது. படிக்கப் படிக்க அந்த எண்ணெய் டின் ஞாபகம்தான் வந்தது.

கதை இதுதான். 1939-ல் போர் வரப்போகிறது என்று தெரிந்ததும், அந்த ஓவிய மியூசியத்தில் இருந்த படங்களை எல்லாம் கழற்றி வேல்ஸ் பக்கம் அனுப்பிவிட்டார்கள். பிறகு 1941-ல் மானோட் என்ற இடத்தில் ஒரு கற்சுரங்கத்துக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். மியூசியத்தில் மிச்சம் இருந்தது வெறும் சுவர்தான். குண்டு விழும் என்ற பயத்தில் சினிமா, நாடகம், கச்சேரி எல்லாவற்றுக்கும் பூட்டு.

அப்போது மைரா ஹெஸ் என்ற பியானோ கலைஞர், அந்தக் காலிக் கட்டடத்தில் மத்தியானக் கச்சேரி வைக்கலாமா என்று இயக்குநர் கென்னத் கிளார்க்கிடம் கேட்டார். எப்போதாவது ஒன்று எதற்கு, தினமும் நடத்துங்களேன் என்றாராம் அவர்! 1939 அக்டோபர் 10, மத்தியானம் ஒரு மணிக்கு முதல் கச்சேரி. கட்டணம் ஒரு ஷில்லிங். தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர் வந்தால் போதும் என்று நினைத்திருந்த அம்மணி, வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து அரண்டு போயிருக்க வேண்டும். ஆயிரம் பேர் அளவுக்கு வந்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் திங்கள் முதல் வெள்ளி வரை கச்சேரி. ஆபீஸ் குமாஸ்தா, பட்டாளத்துக்காரர், நர்ஸ் எல்லாரும் சாப்பாட்டு நேரத்தில் வந்தார்கள். தேனும் உலர்திராட்சையும் வைத்த சாண்ட்விச் அங்கே ரொம்பப் பிரபலம். (நமக்கு சபா கேன்டீன் மாதிரி!) 1940-ல் குண்டு மழை பொழிந்தபோது கச்சேரியைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள், நிறுத்தவில்லை. ஒரு தடவை, கட்டடத்தில் விழுந்து வெடிக்காமல் கிடந்த குண்டு, கச்சேரி நடக்கும்போதே வெடித்தது. வாசித்தவர்கள் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தார்களாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொரு விஷயம். மைரா ஹெஸ் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சண்டை ஜெர்மனியோடு. ஆனால் அங்கே ஒலித்ததில் பெரும் பங்கு பாக், பீத்தோவன், பிராம்ஸ் என்று ஜெர்மன்காரர்களின் இசைதான். 'எதிரியோட பாட்டு எதுக்கு?' என்று அவர் ஒதுக்கவில்லை. சுமார் 150 கச்சேரிகளில் அவரே வாசித்தார், தனக்கென்று சம்பளம் வாங்காமல். மிஞ்சிய பணம் கஷ்டப்படுகிற இசைக்கலைஞர்களின் நிதிக்குப் போனது. 1946 ஏப்ரல் 10-ல் முடிக்கும்போது மொத்தம் 1,698 கச்சேரிகள், கேட்டவர்கள் 8,24,152 பேர்.

இடையில் இன்னொன்றும் நடந்தது. 1942 முதல், மாதத்துக்கு ஒரே ஒரு படத்தைச் சுரங்கத்திலிருந்து எடுத்து வந்து மாட்டினார்கள். ஜனங்கள் அந்த ஒற்றைப் படத்தையும் வந்து பார்த்தார்கள்! நம்ம திருக்கோகர்ணம் மியூசியம் 1910-லிருந்து இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது எல்லாவற்றையும் அரை மணியில் ஓட்டமாகப் பார்த்துவிட்டு ஐஸ் வாங்க ஓடியவன் நான். எதிரே இருக்கும்போது எதுவும் கண்ணில் படுவதில்லை போல.

லாக்டவுன் தளர்ந்ததும் பாய் வீட்டுக்குப் போனேன். மன்னிப்பு கேட்கிறேன் பேர்வழி என்று லண்டன், குண்டு, பியானோ எல்லாம் ஒரு மூச்சு சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"அவ்வளவெல்லாம் தெரியாது தம்பி. எம் பேத்தி இருட்டைப் பாத்துப் பயந்து அழுதுச்சு. அது அழுகைய நிறுத்தத்தான் பாடுனேன்" என்றார்.

"நான் கத்தினதுக்கப்புறம்?"

"மறுபடி அழுதுச்சு. போர்வைக்குள்ள வச்சு மெல்லமாப் பாடுனேன்."

டீ வந்தது. எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை.