கைய எடு, ரீசெட் பண்ணாத

2018 மார்ச். திகனையில் கடைகளும் வீடுகளும் எரிந்த கிழமை. கண்டியில் ஊரடங்கு. எனக்கு 15 வயசு. பேஸ்புக் திறக்கல்ல, வட்ஸ்அப் போகல்ல. ரூட்டரில்தான் கோளாறுன்னு நினைச்சு, பின்னால இருந்த சின்ன ஓட்டைக்குள்ள ஊசியை விட்டு ரீசெட் பண்ணிட்டேன். அதுல இருந்த யூசர் நேம், பாஸ்வேர்ட் எல்லாம் அழிஞ்சு, செய்தி பார்க்க மிச்சம் இருந்த வழியையும் நானே அடைச்சேன்.

பிறகுதான் விளங்கிச்சு. மார்ச் 7 அன்று அரசாங்கமே பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் எல்லாத்தையும் முடக்கியிருந்தது. ரூட்டர்ல ஒரு பிழையும் இல்ல. அக்குறணையில் இருந்த சிநேகிதிட போன் நம்பர்கூட என்கிட்ட இல்ல, பேஸ்புக் மட்டும்தான். ஸ்கூல் திறந்த பிறகுதான் அவளைக் கண்டேன்.

போன கிழமை தங்கச்சிக்கு ஒரு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். ஒரு தளமும் திறக்கல்ல. "அக்கா, ரீசெட் பண்ணவா?" என்றாள். "கைய எடு!"

முதல்ல ரூட்டரை நிறுத்திப் போட்டோம். அது ரீஸ்டார்ட், ஒண்ணும் அழியாது. சரிவரல்ல. லைட் எல்லாம் பச்சை. கம்ப்யூட்டர்ல 8.8.8.8க்கு பிங் அடிச்சேன், பதில் வந்தது. கூகிள் டொட் கொம்னு பெயரைப் போட்டு அடிச்சா பதில் இல்ல. அப்ப லைன் இருக்கு, பெயரை இலக்கமா மாத்துற டிஎன்எஸ்தான் படுத்திருக்கு. 192.168.1.1க்குப் போய், டிஎன்எஸ் இடத்தில் 1.1.1.1, 8.8.8.8 என்று போட்டேன். பக்கம் திறந்தது. விண்ணப்பமும் போச்சு.

2014இல் துருக்கியில் ட்விட்டரைத் தடுத்தப்ப, சனங்கள் இந்த 8.8.8.8ஐ சுவர்களில் எழுதி வச்சாங்க. ஆனா அது எல்லாத் தடைக்கும் மருந்தில்ல. பெயரை மறைச்சா டிஎன்எஸ் மாத்தி உள்ளே போகலாம். அந்த இலக்கத்துக்குப் போற பாதையையே மறிச்சா முடியாது. துருக்கியிலும் சில நாள்ல அந்த வழியை அடைச்சிட்டாங்க.

அதனால எதையும் அழிக்க முன்னம் கேளுங்க: பிழை வீட்டிலயா, பெயரிலயா, இல்ல யாரோ வேணும்னே மூடிட்டாங்களா?

எங்க ரூட்டருக்குப் பின்னால இப்ப ஒரு துண்டு ஒட்டியிருக்கு. யூசர் நேம், பாஸ்வேர்ட். அதுக்குக் கீழ, சிநேகிதிட வீட்டு நம்பர்.