குளிராடையும் வளைந்த முதுகும்

பொதினி மலையை ஆண்ட வையாவிக் கோப்பெரும் பேகன், மயிலொன்று குளிரில் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை அதற்கு அளித்தான் என்பதைப் பள்ளிப் பருவத்திலேயே படித்துவிடுகிறோம். கொடைமடம் என்பதற்கு அதைவிடச் சிறந்த உதாரணம் இல்லை என்பார்கள். துணியோடு வாழ்ந்து பழகிய எங்களுக்கோ அந்தக் கதையில் வேறொன்று தோன்றும். போர்வைக்கு அளவு கிடையாது. அதனால்தான் ஒரு மன்னனின் உடலிலிருந்து ஒரு பறவையின் உடலுக்கு அதனால் எளிதாக இடம்பெயர முடிந்தது. தைத்த ஆடை அப்படியன்று. தோளும் கையும் வைத்து வெட்டிய கணத்திலேயே, ‘இது யாருக்கு?’ என்ற கேள்வியும் துணியோடு சேர்ந்து தைக்கப்பட்டுவிடுகிறது.

பொதினி என்பது இன்றைய பழனி. அதற்கு அண்டையில்தான் எங்கள் திருப்பூர். மார்கழி அதிகாலையில் காதைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டிக்கொண்டால் குளிர்காலம் முடிந்துவிடுகிற ஊர். 1970களின் இறுதியில் இத்தாலிய வணிகர்கள் வெள்ளை டி-ஷர்ட் தேடி இங்கே வரத் தொடங்கினார்கள். 2024-25 நிதியாண்டில் ஊரின் பின்னலாடை ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாயை எட்டியது. அதில் பெரும்பகுதி கோடைக்கான பருத்தி ஆடைகள்தாம். என்றாலும், தலைமூடி வைத்த கனத்த மேலாடைகளும் இங்கே தைக்கப்படுகின்றன. ஐரோப்பியக் குளிர்காலத்துக்கான ஆடை கோடையிலேயே தயாராக வேண்டும். ஆகவே அக்கினி நட்சத்திர வெயிலில், தகரக் கூரையின்கீழ், மூக்கிலும் இமையிலும் பஞ்சு படிய, எங்களூர்க்காரர்கள் குளிராடை தைக்கிறார்கள். தைப்பவர்களில் பலர் அதை ஒருநாளும் அணிவதில்லை.

நாங்கள், கணவன் மனைவி இருவரும், பல ஆண்டுகள் பனியன் கம்பெனிகளின் செக்கிங் பகுதியில் அளவு பார்க்கும் வேலையில் இருந்தவர்கள். மேசைமேல் ஆடையைச் சுருக்கமின்றி விரித்து, கக்கத்துக்குச் சற்றுக் கீழே டேப்பை வைத்துப் பாதி மார்பு, தோளின் உயர்ந்த புள்ளியிலிருந்து கீழ்விளிம்புவரை உயரம், தோளுக்குத் தோள், கை நீளம் என்று ஒவ்வொன்றாக அளந்து வாங்குபவர் அனுப்பிய அட்டவணையோடு ஒப்பிடுவோம். ஒரு சென்டிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் பெரும்பாலும் மன்னிப்பு உண்டு. அதற்குமேல் போனால் பீஸ் தனியே ஒதுக்கப்படும்.

அந்த அட்டவணையை நெடுநாள் பார்த்துக்கொண்டிருந்தால் அதற்குள் ஒரு மனிதன் நிற்பது தெரியும். ஐரோப்பியத் தர அளவுகளில் எம் என்பது மார்புச் சுற்று 94 முதல் 102 சென்டிமீட்டர், எல் என்பது 102 முதல் 110. எண்ணில் சொன்னால் மார்புச் சுற்றின் பாதி: 96 சென்டிமீட்டர் மார்புக்கு 48ஆம் எண். அந்த 48ஆம் எண் மனிதனுக்கு இடுப்பு, மார்பைவிட ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். இரு தோள்களும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அளவு பெருகப் பெருக அவன் எல்லாத் திசைகளிலும் ஒழுங்காக வளர்கிறான். தொப்பை மட்டும் தனியாக வளர்வதில்லை. நிஜ உடல்கள் இத்தனை ஒழுக்கமானவை அல்ல என்பதை உடை மாற்றும் அறைக் கண்ணாடிமுன் நின்ற எவரும் அறிவர்.

வெளிநாடு செல்லும் உறவினர்களும் நண்பர்களும் குளிராடை வாங்கப் போகும்போது எங்களைத் துணைக்கு அழைப்பதுண்டு. அப்படிச் சேர்ந்த சிலவற்றை இங்கே சொல்லலாம். முதலாவது, தோளிலிருந்து தொடங்க வேண்டும். கை இணையும் தையல், தோளெலும்பு முடியும் இடத்தில் உட்கார வேண்டும். உயரத்தைப் பிறகு குறைக்கலாம், இடுப்பைப் பிடித்துத் தைக்கலாம், கையை மடிக்கலாம். தோளைத் திருத்துவது மட்டும் புதிதாக ஒன்று தைப்பதற்குச் சமம்.

ஒல்லியான இளைஞர்கள் உடலை மறைக்கவென்று பெரிய அளவைத் தேடுவார்கள். துணிக்குள் ஆள் காணாமற்போவதைத் தவிர வேறு பலன் இராது. அவர்களுக்கு இடுப்போடு முடிகிற, கனத்த துணியாலான, குறுக்குவாட்டில் திண்டுபோலத் தைத்த ஆடை உடலுக்குச் சற்றுப் பருமன் தரும். வயிறு முன்தள்ளியவர்கள் மார்பளவை மட்டும் நம்பக் கூடாது. வயிற்றின்மேல் ஜிப் இழுபடாமல் மூடுகிறதா என்று உட்கார்ந்து பார்க்க வேண்டும். கீழ்விளிம்பில் ரிப் வைத்த ஆடை அவர்களுக்கு எதிரி. அது வயிற்றுக்கடியில் கவ்விப் பிடித்து மேற்பகுதியைப் பந்தாக்கிவிடும். நேராக இறங்கித் தொடையின் தொடக்கத்தைத் தொடுகிற வெட்டே நல்லது. குள்ளமானவர்கள் முழங்காலை மூடும் கோட்டைத் தவிர்த்தால் கால்களுக்கு நீளம் கிடைக்கும். ஜெர்மன் அளவுமுறையில் குட்டையும் பருமனுமான ஆண்களுக்கென்றே 24, 25, 26 என ஒரு தனி வரிசை உண்டு. வழக்கமான எண்ணில் பாதி. நெடியவர்களுக்கும் தனி வரிசை இருக்கிறது. அங்கே போய் வாங்குகிறவர்கள் இதைக் கேட்டு வாங்கலாம்.

இந்தியர்களுக்கென்று ஒரு தர அளவு அட்டவணை வேண்டுமென்று, 25,000 பேருக்குமேல் முப்பரிமாணக் கருவிகளால் அளக்கும் திட்டத்தைத் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் மேற்கொண்டது. நல்ல முயற்சிதான். என்றாலும் எந்த அட்டவணையிலும் இடம்பெற வாய்ப்பில்லாத ஓர் உடலை எங்களுக்குத் தெரியும்.

நாங்கள் ‘அண்ணா’ என்றழைக்கும் மூத்த டெய்லர் ஒருவர் இருக்கிறார். முப்பது ஆண்டுகளுக்குமேல் பவர் டேபிளில் ஓவர்லாக் ஓட்டியவர். மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். டிசம்பரில் வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகும்படி டிக்கெட் அனுப்பியிருந்தான். குளிராடை வாங்க அவரோடு காதர்பேட்டைக்குப் போனோம். ஏற்றுமதியில் மிஞ்சியவை குவியல் குவியலாக விற்கும் கடைவீதி அது. மிஞ்சியதில் நம் அளவு இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையேல் இருக்கிற அளவுக்கு நாம் மாறிக்கொள்ள வேண்டியதுதான். வட மாநிலங்களிலிருந்து வந்து இங்கே தைக்கும் இளைஞர்கள் ஊருக்குப் புறப்படுமுன் இந்தக் குவியல்களில்தான் தங்கள் வீட்டாருக்கான குளிராடையைத் தேடுகிறார்கள்.

அண்ணன் நேரே எக்ஸ்எல் அடுக்குக்குப் போனார். “உள்ளுக்குள்ள ரெண்டு சட்டை போட்டுக்கலாமுங்களே” என்றார். போட்டுப் பார்த்தார். தோள் தையல் முழங்கைக்குப் பாதி வழி இறங்கியது. முன்பக்கம் தொடைவரை தொங்க, பின்பக்கம் இடுப்புக்குமேல் ஏறி நின்றது. எம் அளவு போட்டார். தோள் ஓரளவு பொருந்தியது, பின்பக்கம் இன்னும் ஏறியது. டேப்பை எடுத்து அளந்தோம். மார்பு 92, வயிறு 98. அதுகூடப் பெரிதில்லை. முப்பது ஆண்டுகள் ஊசியின்மேல் குனிந்த முதுகு கழுத்துக்குக் கீழே வில்லாக வளைந்திருந்தது. தோள்கள் இரண்டும் முன்னோக்கி உருண்டிருந்தன. வளைந்த முதுகைச் சுற்றிவர அதிகத் துணி வேண்டும். அட்டவணை மனிதனின் ஆடையில் அது இருக்காது. ஆகவே பின்னால் தூக்கும், முன்னால் தொங்கும். ஆயிரக்கணக்கான முதுகுகளுக்கு ஆடை தைத்ததில் அவருக்குக் கிடைத்த முதுகு அது.

“எரவல் வாங்கிப் போட்டுட்டு வந்த மாதிரி தெரியக் கூடாது அம்மிணி. நாலு பேருகிட்ட அப்பன்னு பையன் காட்டோணும்” என்றார், கண்ணாடியைப் பார்க்காமல்.

அழகாகத் தெரிவது என்பதை அற்ப ஆசையாக எண்ணுபவர்கள் உண்டு. அந்தக் கடையில் அவர் கேட்டது அழகைக்கூட அல்ல. தன் உடலுக்குப் பொருத்தமில்லாத ஒன்றுக்குள் நின்று மகனைச் சந்திக்காமலிருக்கும் மரியாதையை மட்டுமே.

கடைசியில் நாங்கள் தேடியெடுத்தது ராக்லான் கை வைத்த ஒரு ஃப்ளீஸ் மேலாடை. ராக்லானில் தோள் தையலே கிடையாது. கழுத்திலிருந்து கக்கத்துக்குச் சாய்வாக ஒரு தையல் மட்டும் ஓடும். தோள் எங்கே இருந்தாலும், எப்படி உருண்டிருந்தாலும் அது குறை சொல்லாது. 1815இல் வாட்டர்லூப் போரில் வலக்கையை இழந்த ஆங்கிலத் தளபதியின் பெயரைத் தாங்கிய வெட்டு அது. பின்னாளில் ராக்லான் பிரபுவான அவருக்காகவே அப்படி வெட்டப்பட்டது என்பார்கள். ஊனப்பட்ட ஓர் உடலோடு இப்படிப் பெயர் சேர்ந்த வெட்டு, இப்போது எல்லா உடல்களுக்கும் போகிறது.

துணியை விரலிடையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, “மூணு நூல் ஃப்ளீஸ். முந்நூறு ஜிஎஸ்எம் வரும். ரைசிங் நல்லா ஓட்டியிருக்கான்” என்று அண்ணன் தீர்ப்புச் சொன்னார். சதுர மீட்டருக்கு முந்நூறு கிராம் என்பது பின்னலாடையில் நல்ல கனம். ஆனால் பருத்தி நனைந்தால் சூட்டைக் காக்காது. பின்னலின் கண்கள் வழியே காற்றும் நுழையும். ஆகவே அதன்மேல் போட்டுக்கொள்ள, காற்றும் நீரும் புகாத மெல்லிய மேலுறை ஒன்றையும், ஒரு சுற்றுப் பெரிதாகப் பார்த்து, வாங்கினோம். ஒரே கனத்த கோட்டைவிட அடுக்கடுக்காக அணிவது உடலுக்கும் நல்லது, தோற்றத்துக்கும் நல்லது.

பின்பக்கத்தை என்ன செய்வது என்ற கேள்வி மிஞ்சியிருந்தது. “அது என் வேலையுங்க” என்றார். அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போனபோது ஃப்ளீஸ் மேலாடையின் கீழ்விளிம்பு ரிப்பைப் பிரித்தெடுத்திருந்தார். முதுகுப் பக்கம் மட்டும் அதே நிறத்துத் துணியில் நான்கு விரல் அகலத்துக்குப் பிறைபோல ஒரு துண்டு சேர்த்துத் தைத்திருந்தார். அளவு எழுதிய தாள் எதுவும் அங்கே இல்லை. மனைவியை டேப் பிடிக்கச் சொல்லி, தன் முதுகைத் தானே அளந்திருக்கிறார். போட்டுக்காட்டினார். முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் நின்றது. முதுகு நிமிர்ந்துவிடவில்லை, ஆனால் அது வளைந்திருப்பது இப்போது ஆடையின் குறையாகத் தெரியவில்லை.

கோகலின் ‘மேலங்கி’யைப் படித்தவர்களுக்குத் தையல்காரன் பெத்ரோவிச்சை நினைவிருக்கும். 1842இல் வெளிவந்த கதை. ஏழை எழுத்தனுக்குப் புதிய மேலங்கியைத் தைத்து அணிவித்த பிறகு அவன் தெருவில் நின்று, அது நடந்து போவதைத் தொலைவிலிருந்து பார்ப்பான். போதாதென்று குறுக்குச் சந்து வழியே ஓடி எதிரே வந்து, முன்பக்கத்திலிருந்தும் ஒருமுறை பார்ப்பான். தான் தைத்தது ஓர் உடலில் நடந்து போவதைக் காணும் அந்த இன்பம் எங்களூர் டெய்லர்களுக்கு வாய்ப்பதில்லை. கை தைப்பவர் கையை மட்டும், கழுத்து தைப்பவர் கழுத்தை மட்டும் தைக்கிறார். அட்டைப்பெட்டி மூடப்பட்டதும் ஆடை கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

அண்ணன் ஜெர்மனியிலிருந்து ஒருநாள் தொலைபேசியில் பேசினார். குளிரைப் பற்றி ஒரு வாக்கியம்தான். மீதியெல்லாம் டிராமில் தனக்கு முன்னால் நின்றவரின் தலைமூடி ஆடையைப் பற்றியது. ஓவர்லாக் சுத்தமாக இருந்ததாம். கழுத்துப் பட்டை மட்டும் கொஞ்சம் இழுத்துத் தைத்திருந்ததாம். நம்மூர்க் கைதான் என்று அவருக்கு உறுதி. “கூப்புட்டுச் சொல்லலாமுன்னு பாத்தேன். பையன் வேண்டாம்னுட்டான்” என்றார். அவருடைய ஆடையைப் பற்றி யாரேனும் எதுவும் கேட்டார்களா என்று விசாரித்தோம். யாரும் எதுவும் கேட்கவில்லை என்றார், மிகுந்த திருப்தியோடு.